இங்கே வைஃபை இல்லை

அவனை எல்லோரும் டோனர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் செய்பவன். மிஷினுக்குள் போடும் கறுப்புப் பொடிக்கு டோனர் என்று பெயர். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்தப் பொடி அவன் நக இடுக்கை விட்டுப் போனதில்லை. கல்யாணப் படத்திலும் விரல் நுனிகள் கறுப்பாகத்தான் இருக்கின்றன. "அன்னிக்காவது கழுவிட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று மனைவி அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். கழுவிவிட்டுத்தான் வந்திருந்தான்.

மிஷின் முன்னால் தரையில் ஒருக்களித்துப் படுத்து, பக்கவாட்டு மூடியைத் திறந்து, கையை உள்ளே விடுவான். காகிதம் சிக்கிக்கொண்டதுதான் பாதி ரிப்பேர். உருளைக்கு அடியிலிருந்து கிழிசல்கள் வரும். யாரோ ஒருவரின் மதிப்பெண் பட்டியலின் ஓரம், விவாகரத்து மனுவின் கடைசி வரி, ரத்தப் பரிசோதனை முடிவில் பாதி. எடுத்ததும் கசக்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். குப்பைக் கூடையில் போட மாட்டான். ஒரு வக்கீல் ஆபீசில் குமாஸ்தா கேட்டார், "அத எதுக்குய்யா வீட்டுக்குக் கொண்டு போற?" "இங்க போட்டா நீங்க எடுத்துப் படிப்பீங்க சார்" என்றான். குமாஸ்தா சிரித்தார். மறுக்கவில்லை.

இப்போதெல்லாம் மிஷின்களை வைஃபையில் இணைத்துக் கொடுக்க வேண்டும். அதனால் எந்தக் கட்டடத்தில் நுழைந்தாலும் முதலில் போனை எடுத்து, எந்தெந்த சிக்னல் தெரிகிறது என்று பார்ப்பான். பூட்டிய சிக்னல், பூட்டாத சிக்னல், பூட்டியிருந்தும் பாஸ்வேர்டைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும் சிக்னல். பார்த்துப் பார்த்து ஊரே அவன் மண்டைக்குள் வேறு மாதிரிப் பதிந்துபோயிருந்தது.

இது கணக்கு டீச்சருக்குத் தெரிந்தது பள்ளிக்கூட மிஷின் கெட்டுப்போன அன்று. வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னால் பாதிப் பிள்ளைகள் அனுப்புவதில்லை என்று பக்கத்து மேசையில் யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். போன் இருக்கிறது, நெட் இல்லை. தரையில் படுத்திருந்தவன் தலையைத் தூக்காமலே சொன்னான்.

"பஸ் ஸ்டாண்டுல கிடைக்கும் டீச்சர். நூலக வாசல்ல கிடைக்கும். வரி கட்டற ஆபீஸ்ல மாடிப்படி திரும்பற இடத்துல கிடைக்கும். எல்லாம் நகராட்சி மாட்டின இலவச வைஃபை. யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வேற என்ன தெரியும்?"

அன்றே டீச்சர் ஒரு வீணான பிரதியின் பின்பக்கத்தில் தெருக்களை வரைய ஆரம்பித்தார். பழைய மாணவன் ஒருவன் அதை இணையத்தில் ஏற்றினான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம். விதிகளை மட்டும் டீச்சர் போட்டார். போய் நிற்காமல் எழுதக் கூடாது. வீட்டுச் சிக்னலை எழுதக் கூடாது, அது பூட்டாமல் கிடந்தாலும். இருந்தால் பச்சைப் புள்ளி. நின்று பார்த்தும் இல்லை என்றால் சாம்பல் நிறத்தில் ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியில் டீச்சருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. "இல்லைங்கறதும் தகவல்தான். ஒருத்தரும் வெயில்ல நடந்து வந்து ஏமாறக் கூடாது" என்பார்.

அந்த வரைபடத்தில்தான் டோனருக்கு எழுத வரும் என்று டோனருக்கே தெரிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே இரண்டு வரி குறிப்பு எழுதலாம். அவன் எழுதினான்: "நூலக வாசல். இடது தூண் பக்கம் நின்றால் வேகம். வலது தூண் பக்கம் நின்றால் பொறுமை பழகலாம்." "பஸ் ஸ்டாண்டு, கழிப்பறைக்கு எதிர்ச் சுவர். சிக்னல் பிரமாதம். மூச்சை மட்டும் அடக்கிக்கொள்ளவும்." "பூங்கா. நிழல் உண்டு. குளத்துப் பக்கப் பெஞ்சில் படுத்திருப்பவரை எழுப்பி பாஸ்வேர்டு கேட்க வேண்டாம். அவர் வேறு விதமான வார்த்தை சொல்வார்."

ஆட்கள் சிக்னல் தேடாதபோதுகூட இந்தக் குறிப்புகளைப் படித்தார்கள். பார்சல் கொடுக்கும் பெண் ஒருத்தி, கூரியர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள், வண்டியில் போகிற இடமெல்லாம் அவளும் புள்ளி வைத்தாள். ஆனால் "உண்டு", "உண்டு", "உண்டு" என்று மட்டும் எழுதுவாள். "அண்ணே, எழுத்து உங்க பக்கம், பெட்ரோல் என் பக்கம்" என்பாள். சனிக்கிழமை மதியங்களில் டீச்சரின் வகுப்பறையில் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, வந்த புள்ளிகளைச் சரிபார்ப்பார்கள். டோனர் வைத்ததை மட்டும் யாரும் சரிபார்ப்பதில்லை. அவன் சொன்னால் சொன்னதுதான்.

அந்த டோனர் வரைபடத்தில் ஒரு பொய் எழுதியிருந்தான்.

நகராட்சிக் கண் ஆஸ்பத்திரி மதியத்தோடு மூடிவிடும். அதன் பக்கவாட்டில் ஒரு சிமெண்ட் படிக்கட்டு. மேலே ஏறினால் எப்போதும் பூட்டியிருக்கும் இரும்புக் கதவு. அந்தக் கதவுக்கு மேல், சன்ஷேடுக்கு அடியில், வெள்ளை வைஃபைப் பெட்டி ஒன்று பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டிருந்தது. நல்ல வேகம். ஆனால் சின்னப் பெட்டி, நாலைந்து பேர் சேர்ந்தால் திணறிவிடும். மதியத்தில் அந்தப் படிக்கட்டில் அவனைத் தவிர யாரும் இல்லை. அவன் போனில் போடும் டேட்டா ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுக்கே சரியாகிவிடும். வேலை நாட்களில் அங்கேதான் அவன் மனைவியோடு பேசுவான்.

அவள் வேறொரு நாட்டில், ஒரு வீட்டில், வயதான ஓர் அம்மாளைப் பார்த்துக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்து பேசுவார்கள். அந்தப் பேச்சு வீட்டுக்குச் சொந்தம். அவனுடைய அக்கா, மகளைப் பார்த்துக்கொள்ள வந்து கூடவே இருப்பவள், போனைக் கையில் வாங்கிக்கொண்டால் விட மாட்டாள்.

"என்னம்மா இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்ட? அங்க சோறு போடறாங்களா இல்லையா?"

"நல்லா இருக்கேன் அண்ணி."

"நல்லா இருக்கறவ மூஞ்சியா இது? டேய் தம்பி, நீயே பாரு."

மகள் நடுவில் புகுந்து பரீட்சை மார்க்கைச் சொல்வாள், நல்ல மார்க்கை மட்டும். மனைவி எல்லோருக்கும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நாத்தனார் கையிலிருக்கும் போனில் ஒருத்தி வேறு என்னதான் சொல்ல முடியும்?

வேலை நாட்களில், அந்த அம்மாள் தூங்கும் நேரம் அவளுக்குக் கிடைக்கும். துணி துவைக்கும் சிறிய அறைக்குள் போய், தன் குரல் வீட்டுக்காரர்களுக்குக் கேட்காதபடி வாஷிங் மெஷினை ஓடவிட்டுப் பேசுவாள். சில நாள் அந்த அம்மாள் தன்னை வேறு யாருடைய பெயரிலோ கூப்பிடுவதைச் சொல்வாள். சில நாள் அழுவாள். சில நாள் ஒன்றும் பேசாமல் ரொட்டியைப் பிய்த்துத் தின்பாள், அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுடைய ஒப்பந்தம் முடியும் காலம். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி அந்த வீட்டில் கேட்டிருந்தார்கள். வருவாளா, இருப்பாளா? அந்தக் கேள்வி ஒவ்வொரு மதியமும் அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். "யோசிக்கிறேன்" என்பாள். என்றைக்காவது இங்கேதான் சொல்வாள் என்று அவன் நம்பினான். அவள் சொல்லும் நாளில் இந்தப் படிக்கட்டு காலியாக இருக்க வேண்டும்.

சும்மா விட்டால் என்றைக்காவது கூரியர் வந்து பச்சை வைத்துவிடுவாள். அதனால் அங்கே சாம்பல் குறி போட்டான். "கண் ஆஸ்பத்திரி, பக்கவாட்டு. நின்று பார்த்தேன். இங்கே வைஃபை இல்லை." அவன் எழுதியதிலேயே வேடிக்கை இல்லாத குறிப்பு அதுதான். யாருக்கும் அது உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை டீச்சர் வகுப்பறைக்குள் வரும்போதே முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"நகராட்சி இன்ஜினியர் நம்ம மேப்பைக் கேட்டு வாங்கியிருக்கார். யாருக்கும் உதவாத பெட்டியெல்லாம் கழட்டி, தேவைப்படற இடத்துல மாட்டப் போறாங்களாம். நம்ம மேப்பை வச்சுத்தான் முடிவு பண்ணுவாங்களாம்."

"ஒரு ஆபீஸ் நாம சொல்றதக் கேக்குதா? மழை கொட்டப் போகுது" என்றாள் கூரியர்.

"இப்பவே ஒண்ணு கண்டுபிடிச்சுட்டாங்க. கண் ஆஸ்பத்திரில ஒரு பெட்டி மாட்டினதா அவங்க ஃபைல்ல இருக்கு. நம்ம மேப்ல இல்லைன்னு இருக்கு. பெட்டி செத்துப்போச்சுன்னு முதல்ல அதத்தான் கழட்டப் போறாங்க." டீச்சர் திரையை நெருங்கிப் பார்த்தார். "யாரு போட்ட குறி? ஓ, டோனரா. அப்ப சந்தேகமே இல்ல."

டோனர் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுதிய பொய்யை நகராட்சி ஏணி வைத்து ஏறி நிஜமாக்கப் போகிறது.

திங்கட்கிழமை மதியம் போனை எடுத்ததுமே மனைவி கேட்டாள்.

"மூஞ்சி ஏன் தொங்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு நீளம்?"

சொன்னான். குறி போட்டதை, இன்ஜினியரை, டீச்சர் "சந்தேகமே இல்ல" என்றதை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாஷிங் மெஷின் மேல் வைத்திருந்த போனும் அவளோடு சேர்ந்து குலுங்கியது.

"பொய் சொல்லத் தெரியாத மனுசன்னு எங்கம்மா என்னை உங்களுக்குக் கட்டிக்கொடுத்தாங்க. ஊருக்கே தெரியற மாதிரி எழுதி வச்சிருக்கீங்க." சிரித்து முடித்ததும் முகம் மாறியது. "ஏங்க, அந்த ஆஸ்பத்திரிக்கு வர்ற ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"மதியம் மூடிடுவாங்களே."

"காலையில?"

அந்த இடத்தை அவன் காலையில் பார்த்ததே இல்லை.

"நான் வந்த முதல் வாரம் ஒரு பேக்கரி வாசல்ல நின்னு பேசினேனே, அங்க கிடைக்கும்னு எவளோ ஒருத்தி கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா. இல்லன்னா நான் இங்க வந்து சேர்ந்ததே உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்காது."

"அப்ப மாத்தி எழுதிடவா?"

"என்னைக் கேக்கறீங்க?"

"எழுதிட்டா நாம எங்க பேசறது?"

அவள் திரைக்கு வெளியே எதையோ பார்த்தாள். "பேச என்னங்க பெருசா இருக்கு" என்றாள். அவள் குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

மறுநாள் காலை ஒரு ரிப்பேரைத் தள்ளிப்போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. ஒரு கண்ணில் பஞ்சு ஒட்டியவர்கள், இரண்டு கண்ணிலும் மருந்து ஊற்றி அண்ணாந்தபடியே இருந்தவர்கள், அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். பிளாஸ்டிக் உறையில் போட்ட மருந்துச் சீட்டோடு ஒருவர் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஏதோ பறவைக்கு இரை காட்டுவதுபோல் நடந்துகொண்டிருந்தார். "மகன் லைன்ல வரணும், ஆபரேஷன் வேணுமா வேணாமான்னு அவன் சொன்னாத்தான்..." என்று யாரிடமோ சொன்னார். அவருக்கு எட்டும் தூரத்தில் படிக்கட்டு இருந்தது. அதில் பலர் உட்கார்ந்திருந்தார்கள், நிழலுக்காக. தலைக்கு மேலே பெட்டி மினுக்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கண்ணுக்கு மருந்து போட்டவர்கள்.

டோனர் அவரைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போய் இணைத்துக் கொடுத்தான். பிறகு அங்கேயே நின்று சாம்பல் குறியை எடுத்துப் பச்சைப் புள்ளி வைத்தான். "நாள் முழுக்கக் கிடைக்கும். இங்கே இல்லை என்று முன்பு எழுதியது தவறு." படித்துப் பார்த்தான். தவறு என்பதை அழித்து, பொய் என்று எழுதினான். அந்த மனிதருக்காக எழுதினானா, பெட்டியைக் கழற்றிவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதினானா என்று அவனுக்கே பிடிபடவில்லை. இரண்டுக்கும் ஒரே விரலால்தான் அழுத்த வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் டீச்சர் போன் செய்தார்.

"பொய்னு எழுதியிருக்கீங்க. தவறுன்னு நான் மாத்திடட்டுமா?"

"வேணாம் டீச்சர்."

"அப்ப விதி இருக்கு, டோனர்."

"தெரியும்."

தெரிந்தே பொய்க் குறி போட்டவர் வைத்த எல்லாப் புள்ளிகளையும் இன்னொருவர் போய் நின்று பார்க்க வேண்டும். அதுவரை அவை மஞ்சளாக இருக்கும். டீச்சர் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை போலிருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது வரைபடத்தைத் திறந்தான். ஊர் முழுக்க மஞ்சளாக இருந்தது. நூலகம், பஸ் ஸ்டாண்டு, வரி ஆபீஸ், பூங்கா.

"என்னடா, சோத்த வச்சுக்கிட்டு போனப் பார்த்துப் பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள் அக்கா.

"ஊருக்கு மஞ்சக்காமாலை அக்கா" என்றான். அவள் இன்னொரு கரண்டி போட்டாள்.

கூரியர் மாதக்கணக்கில் சரிபார்த்தாள். "உங்களால என் லீவு நாளெல்லாம் போச்சு அண்ணே. அந்தக் கழிப்பறைச் சுவருக்கு முன்னாடி நின்னேன் பாருங்க, உங்களக் கொன்னு போடலாம்னு வந்துச்சு." ஒவ்வொன்றாகப் பச்சையாகிக்கொண்டு வந்தன. டீச்சர் பழையபடி பேசினார். ஆனால் இப்போது அவன் புதிதாக வைக்கும் புள்ளிகளைத் திறந்து பார்த்தார்.

பெட்டியைக் கழற்றவில்லை. படிக்கட்டு நிறைந்தது. முதலில் காலையில், பிறகு மதியத்திலும். வேலை தேடி விண்ணப்பம் அனுப்புகிறவர்கள், மைக்கைக் கடித்துத் தின்றுவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு தூர தேசத்தோடு பேசுகிறவர்கள், பாட்டைத் திறந்துவிட்டுத் தூங்குகிறவர்கள். சுவரோரம் மழைநீர்க் குழாய்ப் பக்கம் அவனுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. உட்காரப் போனவனிடம் ஒருவன் சொன்னான்:

"அண்ணே, புதுசா? கொஞ்சம் மேல ஏறி உக்காருங்க. அங்கதான் நல்லா வரும்."

"அப்படியா?" என்றான் டோனர். மேலே ஏறி உட்கார்ந்தான்.

பல நாள் அழைப்பு போவதற்குள் அவளுடைய நேரம் முடிந்துவிட்டது. ஒரு நாள் அழைப்பு போனது. அவள் முகம் வந்து, வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது.

"படம் நின்னுடுச்சு."

"எனக்கும்தான். உங்களுக்கு ஒரு கண்ணு மூடியிருக்கு. வரிசைல நின்னு மருந்து போட்டுக்கிட்டீங்களா?"

"படத்த அணைச்சிடு. குரலாவது ஒழுங்கா வரட்டும்."

முகம் போய்த் திரை கறுப்பானது. குரல் மட்டும் வந்தது, முன்பு எப்போதும் வராத அளவுக்குத் தெளிவாக. அக்கா சண்டை போட்ட பால்காரர் பற்றிச் சொன்னான். அவள் உம் கொட்டினாள். பக்கத்தில் ஒரு பெண் யாருக்கோ தன் தெரு முகவரியைக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ்ப் படியில் இரண்டு பேர் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"என்னங்க."

"சொல்லு."

"உங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டுச் சொல்ல முடியல. தினமும் சொல்லிடலாம்னுதான் வருவேன். நீங்க அங்க தனியா உக்காந்துக்கிட்டு, நான் என்ன சொல்லப் போறேன்னே பார்த்துக்கிட்டிருப்பீங்க. வாய் வராது."

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"நான் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருஷத்துக்கு."

"எப்போ?"

"நீங்க அந்தப் பெட்டியப் பத்திச் சொன்னீங்களே, அதுக்கு முன்னாடியே."

முகவரி சொன்ன பெண் இப்போது பின்கோடைச் சொன்னாள். அதைத் தப்பாகச் சொல்லித் திரும்பச் சொன்னாள்.

"ஏன்னு கேக்க மாட்டீங்களா?"

"சொல்லு."

"அந்த அம்மா காலையில என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் எழுந்திருக்காங்க. மத்தவங்க வந்தா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. அது மட்டும் இல்ல. இங்க நான் ஒரு வேலைக்காரி, ஆனா என் வேலை எனக்குத் தெரியும். அங்க வந்தா அண்ணி சமையல்கட்டுல நான் எங்க நிக்கறதுன்னு யோசிச்சேன். கேவலமா இருக்கு, இல்ல? புள்ளய விட்டுட்டு இதையெல்லாம் யோசிக்கறேன்னு."

"இல்ல."

"கோவமா?"

"இல்ல."

"சும்மா சொல்லாதீங்க."

"கோவம்தான்" என்றான். சத்தமாகத்தான் சொன்னான். சுற்றி ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவரவர் காதில் அவரவர் வீடு.

அவள் அழுகிறாளா என்று பார்க்க வழியில்லை. கேட்டுப் பார்த்தான். மூச்சு மட்டும் வந்தது. அவள் சொல்வதற்காகக் காலியாக வைத்திருந்த படிக்கட்டில் அவள் எத்தனையோ மதியம் சொல்லாமலே ரொட்டி தின்றுவிட்டுப் போயிருக்கிறாள். அதை நினைத்தபோது கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது.

"பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடறீங்களா?" என்றாள்.

"மாட்டேன். நீ சொல்லு."

"எப்படிங்க? தனியா அவ எனக்கு எப்போ கிடைப்பா?"

"தனியா எதுக்கு? ஞாயித்துக்கிழமை சொல்லு. அக்காவும் இருக்கட்டும்."

"அண்ணி போனப் புடுங்கி அழ ஆரம்பிச்சுடுவாங்க. இல்லன்னா திட்டுவாங்க."

"திட்டட்டும். பாப்பாவும் அழுவா. நானும் அங்கதான் இருப்பேன்."

மேலே வர வழி கேட்டு ஒரு கிழவர், கண்ணில் பஞ்சோடு, படிக்கட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். டோனர் ஒரு கையில் போனைப் பிடித்தபடி, இன்னொரு கையை அவருக்குக் கொடுத்து, தான் இருந்த இடத்தில் உட்கார வைத்தான். பிறகு கீழே இறங்கித் தெருவோரம் வந்து நின்றான். சிக்னல் பாதியாகிவிட்டது.

"சரி, ஞாயித்துக்கிழமை" என்றது அவள் குரல், விட்டு விட்டு.